மிளகாய்ச் செடியில் படியும் வெண்மை

“இலையெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?”

ஸ்ரீ சிட்டிக்குப் படிக்க வந்த பின் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்விகளுள் இதுவும் ஒன்று. உயிரியலில் முதுகலை பயில்பவன் என்று தெரிந்தால் போதும். விடுதி மாடியில் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்துவிடுகின்றனர். காரத்துக்கு ஆந்திரத்தில் பஞ்சமில்லைதான். எனினும் தயிர்ச் சோற்றுக்குக் கடித்துக்கொள்ளத் தன் கையால் வளர்த்த பச்சை மிளகாய் ஒன்று வேண்டும் என்ற ஆசை, வீட்டை விட்டு வந்த தமிழ் மாணவர் பலருக்கும் இருக்கிறது. இராமநாதபுரத்து முண்டு மிளகாயின் விதையை ஊரிலிருந்து கொண்டுவந்து இங்கே முளைக்க வைத்தவர்களும் நம்மிடையே உண்டு. அம்மிளகாய்க்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர்கள் பெற்ற பெருமிதத்தை நான் அறிவேன்.

மேலே கண்ட கேள்வியைச் சற்றே உற்று நோக்குங்கள். அதன் முற்பாதி நோயைப் பற்றியது. பிற்பாதி மருந்தைப் பற்றியது. முற்பாதிக்கு விடை காணும் முன்னரே பிற்பாதிக்குத் தாவிவிடுகிறோம். வெள்ளை என்பது ஒரு நிறம். அது நோயின் பெயரன்று. உலர்ந்த நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பும் வெள்ளை, பூசணமும் வெள்ளை, மாவுப்பூச்சியும் வெள்ளை, அசுவினி உரித்துப்போட்ட சட்டையும் வெள்ளை, சென்ற வாரம் நாமே தெளித்த மருந்தின் படிவும் வெள்ளை. இவற்றுள் ஒன்றுக்கு ஏற்ற மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது. சில வேளைகளில் தீங்கும் செய்யும். ஆகவே, மருந்துப் புட்டியைத் தொடுமுன் இலையைத் தொட்டுப் பார்ப்பது எப்படி என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் நீரைப் பற்றிக் கூறுகிறேன். கொண்டுவரப்படும் இலைகளில் கணிசமானவற்றில் நோயே இருப்பதில்லை. இப்பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் புழங்குவோர் தம் வாளியின் உட்புறத்தைப் பார்த்தால் விளங்கும். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சிறிதளவு அமிலத்தன்மை பெறுகிறது. அந்த நீர் பாறையிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துத் தன்னுடன் எடுத்துச் செல்கிறது. அதே நீரை இலைமேல் ஊற்றினால், நீர் ஆவியாகிறது, வாயு பிரிகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகத் திரும்பவும் படிகிறது. வாளியில் நிகழ்வதே இலையிலும் நிகழ்கிறது.

இதைக் கண்டறிவது எளிது. சுண்ணாம்புப் படிவு இலையின் மேற்பக்கத்தில் இருக்கும். துளி நின்று காய்ந்த இடங்களில் வளையம் வளையமாகத் தெரியும். இலை நுனியில் தடித்திருக்கும். அடிப்பக்கம் துப்புரவாக இருக்கும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றையோ காடியையோ அதன்மேல் விட்டால் சிறு குமிழிகள் எழும். படிவு கரைந்து இலையின் பச்சை வெளிப்படும். பூசணமும் பூச்சியும் அவ்வாறு பொங்குவதில்லை. இதற்குச் சிகிச்சை, இலைமேல் ஊற்றாமல் வேரில் ஊற்றுவதுதான். வேறு மருந்து வேண்டுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நீரைச் சிக்கனப்படுத்த வேண்டும் என்ற நல்லெண்ணத்தால், குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரைச் சிலர் தொட்டிகளுக்கு ஊற்றுகின்றனர். குடிநீரிலிருந்து நீக்கப்பட்ட உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் செறிந்திருக்கிறது! சில வாரங்களில் மண்ணின் மேலும் தொட்டியின் வெளிப்புறத்திலும் வெள்ளைப் பொருக்கு எழும். இலை ஓரம் கருகும். பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடித்துளை வழியே நீர் தாராளமாக வழிந்தோடும்படி மழைநீரையோ நல்ல நீரையோ இரண்டு மூன்று தடவை ஊற்றினால் உப்பு இறங்கிவிடும். கழிவு நீரைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

மண்ணின்மேல் பஞ்சு போன்ற பூசணத்தைக் கண்டு அஞ்சுவோரும் உளர். தென்னை நார்க்கழிவும் எருவும் கலந்த ஈர மண்ணில், மக்கும் பொருளை உண்டு வாழும் பூசணங்கள் தோன்றுவது இயல்பு. மேல்மண்ணைக் கிளறி, சிறிது காயவிட்டால் மறைந்துவிடும். ஆனால் அந்த வெள்ளை நூல்கள் தண்டின் அடியில், மண்ணைத் தொடும் கழுத்துப் பகுதியில், விசிறி போல் படர்ந்திருந்தால் அது வேறு கதை. அருகே கடுகு சிந்தியது போல் பழுப்பு நிற உருண்டைகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடந்தால் அது ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி என்னும் பூசணம். 1892-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவில் தக்காளிச் செடிகளை அது மாய்த்தபோது அதனை ஆராய்ந்த ரால்ஃப்ஸ் என்பவரின் பெயரைத் தாங்கியது. அச்செடியைக் காப்பாற்ற முயல வேண்டாம். சுற்றியுள்ள மண்ணோடு அகற்றிவிடுங்கள். அம்மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள். அந்தக் ‘கடுகு’கள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்த்திருக்க வல்லவை.

இனி, உண்மையான வெண்ணோய்க்கு வருவோம். தமிழில் இதனைச் சாம்பல் நோய் என்கிறோம். தெலுங்கிலும் ‘பூடித தெகுலு’ என்பர். பூடித என்றால் சாம்பல், தெகுலு என்றால் நோய். இரு மொழியினரும் அடுப்படியிலிருந்தே உவமையை எடுத்திருக்கின்றனர். மிளகாயில் இந்நோயை உண்டாக்கும் பூசணத்துக்கு லெவில்லுலா டாரிகா என்று பெயர். லெவெய்யே என்ற பிரெஞ்சு அறிஞர் 1851-இல் இதனை விவரித்தார். டாரிகா என்னும் சொல் கிரிமியாவின் பழம் பெயரிலிருந்து வந்தது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்ச்சுகீசியர் வழியே நம்மிடம் வந்தது. இவ்விரண்டும் இன்று நம் விடுதி மாடியில் சந்திக்கின்றன.

இந்தப் பூசணத்தின் தனித்தன்மையை அறிந்துகொண்டால் சிகிச்சையில் பாதி விளங்கிவிடும். பூசணிக் கொடியின் இலையில் மாவு கொட்டியது போல் காணும் சாம்பல் நோயை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூசணம் இலையின் மேற்பரப்பில் குடியிருந்துகொண்டு, மேல்தோலுக்குள் மட்டும் உறிஞ்சு உறுப்புகளைச் செலுத்தி உணவெடுக்கும். மிளகாயில் வரும் லெவில்லுலா அப்படியன்று. அது இலைத்துளைகள் வழியே உள்ளே நுழைந்து, இலையின் திசுக்களுக்கு இடையே நூலாகப் படர்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இவ்வாறு 3 வாரம் வரைகூட மறைந்து வாழ்ந்த பிறகு, இலைத்துளைகள் வழியே தன் வித்துத் தாங்கிகளை வெளியே நீட்டுகிறது. நாம் ‘வெள்ளை’ என்று காண்பது இந்த வித்துகளைத்தான். அதாவது, நோயின் தொடக்கம் என்று நாம் எண்ணுவது உண்மையில் அதன் அறுவடை.

ஆகவே அடையாளங்களும் அதற்கேற்பவே அமைகின்றன. வெண்பொடி பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும். அதற்கு நேர் மேலே, மேற்பக்கத்தில், ஓரம் தெளிவற்ற மஞ்சள் திட்டு காணும். விரலால் துடைத்தால் பொடி போகும்; மஞ்சள் திட்டு போகாது. அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் தொடங்கி மேலே ஏறும். எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்காது. நம் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி கிடைக்கும் நாளில், ஒளி ஊடுருவும் ஒட்டுநாடா ஒன்றைப் பொடியின்மேல் அழுத்தி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பாருங்கள். ஈட்டி முனை போலக் கூரிய வித்துகளும் நீள்உருளை வடிவ வித்துகளும் கலந்திருந்தால் ஐயமே இல்லை. ஒரே பூசணம் இரு வடிவ வித்துகளை ஈனுவது பார்க்கத்தக்க காட்சி.

பூசணம் என்றாலே ஈரம் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். சாம்பல் நோய் அந்த எண்ணத்தைப் பொய்யாக்குகிறது. இதன் வித்து முளைப்பதற்கு இலைமேல் நீர்த்துளி நிற்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பகல் வறண்டும் இரவு குளிர்ந்தும் இருக்கும் தை, மாசி மாதங்களே இதற்கு உகந்த காலம். “மழையே இல்லையே, பூசணம் எப்படி வந்தது?” என்று கேட்பவருக்கு இதுவே விடை.

இந்நோய் காயை நேரே தாக்குவதில்லை, இலையைத்தான் உதிர்க்கிறது. ஆனால் குடை பிடித்த இலை போனபின் காய் வெயிலில் நிற்கிறது. வெயில் பட்ட பக்கம் வெளுத்துக் காகிதம் போலாகிறது. அந்த வெளுப்பைக் கண்டு, காய்க்கும் பூசணம் வந்துவிட்டது என்று மீண்டும் மருந்து அடிப்பவர்கள் உண்டு.

நம் விடுதி உணவுக்கூடத்தில் பணிபுரியும் அக்கா ஒருவர் சத்தியவேட்டுக்கு அருகே அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய் பயிரிட்டிருக்கிறார். தமிழும் தெலுங்கும் அவருக்கு ஒன்றுபோலவே வரும். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டபோது, திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் ஊர்கள் சில ஆந்திரத்துக்குச் சென்றன. அப்பக்கத்தில் வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் பல. சென்ற தை மாதத்தில் ஒரு நாள், அவர் முந்தானையில் முடிந்து சில இலைகளைக் கொண்டுவந்தார்.

“மூணு தடவை அடிச்சாச்சு தம்பி. அடிக்க அடிக்க வெள்ளை கூடுதே தவிர குறையலை.”

“கடையில என்னன்னு கேட்டு வாங்கினீங்க, அக்கா?”

“வெள்ளையா இருக்குன்னு சொன்னேன். மூணு டப்பா குடுத்தாங்க. எல்லாத்தையும் கலந்து அடிக்கச் சொன்னாங்க.”

டப்பாக்களின் சீட்டைப் பார்த்தோம். மூன்றும் பூச்சிக்கொல்லிகள். இலையைத் திருப்பினால் அடியில் சாம்பல் நோய் தெளிவாக இருந்தது. பூச்சி ஒன்றுகூட இல்லை. மேற்பக்கத்திலோ துளித் துளியாக வெள்ளை வளையங்கள். எலுமிச்சைச் சாறு விட்டோம், பொங்கியது. கிணற்று நீரில் கலந்து அடித்த ஒவ்வொரு தடவையும் மேற்பக்கத்தில் ஒரு சுண்ணாம்புப் படிவு. அடிப்பக்கத்தில் மருந்தே படாத பூசணம் தன் போக்கில் வளர்ச்சி. அடிக்க அடிக்க வெள்ளை கூடியதன் மர்மம் இதுதான்! அவர் கண் பொய் சொல்லவில்லை. இரண்டு வெள்ளைகள் ஒன்றாகத் தோன்றின, அவ்வளவே.

அடுத்த முறை கடைக்குப் போனபோது ‘வெள்ளை’ என்று சொல்லாமல் ‘பூடித தெகுலு’ என்று சொல்லி, நனையும் கந்தகத்தூளைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார். அதன் விலை அந்த மூன்று டப்பாக்களின் விலையில் ஒரு சிறு பங்குதான். நோயுற்ற இலைகள் உதிரத்தான் செய்தன. ஒரு பறிப்பு போயிற்று. புதுத் தளிர் துப்புரவாக வந்தது. குத்தகைப் பணம் தேறியதா என்று கேட்டேன். “தேறாம என்ன, கையில ஒண்ணும் நிக்கல” என்றார். அந்த மூன்று தெளிப்புகளின் செலவு அவருடைய உணவுக்கூடச் சம்பளத்திலிருந்து போனது.

கந்தகம் புதிய மருந்தன்று. 1845-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மார்கேட் என்னும் கடற்கரை ஊரில், டக்கர் என்ற தோட்டக்காரர் தம் திராட்சைக் கொடிகளில் ஒரு வெண்பூசணத்தைக் கண்டார். பீச் மரத்தில் வரும் பூசணத்தை அது ஒத்திருந்தது; பீச்சுக்குக் கந்தகம் போடுவது வழக்கம்; ஆகவே திராட்சைக்கும் கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து பூசினார். அந்நோய் பின்னர் பிரான்சுக்குப் பரவித் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியபோது காப்பாற்றியதும் கந்தகமே. பூசணத்தின் உயிர்ச்செயல்களைக் கந்தகம் ஒரே இடத்தில் தாக்காமல் பல இடங்களில் தாக்குவதால், பூசணம் அதற்குப் பழகித் தப்பித்துக்கொள்வது அரிது. இன்றைய ஊடுருவிப் பாயும் மருந்துகள் பலவற்றுக்கு அந்தச் சிறப்பு இல்லை. ஒரே வகையைத் தொடர்ந்து அடித்தால் சில பருவங்களில் அவை வலுவிழக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மிளகாய்ச் சாம்பல் நோய்க்குப் பரிந்துரைப்பது லிட்டர் நீருக்கு 3 கிராம் நனையும் கந்தகம். நோய் தோன்றியதும் தொடங்கி 15 நாள் இடைவெளியில் 3 முறை. மாடித் தொட்டிக்கும் இதே அளவுதான். கைத்தெளிப்பானின் மூக்கை மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். இலையுள் புகுந்துவிட்ட பூசணத்தைக் கந்தகம் எட்டாது. வெளிவரும் வித்துகளையும் புதிதாய்த் தொற்ற வருபவற்றையும்தான் அழிக்கும். ஆகவே மஞ்சள் திட்டு மறையவில்லையே என்று மனம் தளர வேண்டாம். புது இலைகளைப் பாருங்கள். வெப்பம் 32 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறும் நாட்களில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். நம் பகுதியில் பங்குனி பிறந்தால் இதை நினைவில் கொள்ள வேண்டும். எண்ணெய் தெளித்து இரு வாரம் கழியாமல் கந்தகத்தைத் தெளிப்பதும் அவ்வாறே இலைக்குக் கேடு. கந்தகத்தூளே இலைமேல் வெளிறிய படிவாக நிற்கும் என்பதால், தெளித்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் மருந்தையே நோய் என்று எண்ணி மறுபடியும் மருந்து தேடுவீர்கள்.

பால் தெளித்தால் சாம்பல் நோய் போகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வெறுங்கதையன்று. பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் வாக்னர் பெட்டியோல், சுரைக்காய் இனத்தைச் சேர்ந்த ஒரு காய்ச்செடியில் நீர் கலந்த பசும்பாலைத் தெளித்து நோய் குறைவதைக் கண்டு 1999-இல் வெளியிட்டார். ஆனால் அது இலையின் மேற்பரப்பில் வாழும் பூசணம். உள்ளே குடியிருக்கும் லெவில்லுலாவிடம் அதே பலனை எதிர்பார்ப்பதற்கில்லை. மிளகாய்க்குக் கந்தகமே சிறந்தது. பாலை நாம் குடித்துவிடலாம்.

அடுத்தது பூச்சி. தொட்டால் பிசுபிசுக்கும் வெள்ளை, எறும்பு ஊரும் வெள்ளை, இலைக்காம்பின் இடுக்கிலும் நுனிக் குருத்திலும் பஞ்சாகத் திரளும் வெள்ளை ஆகியவை பூசணம் அல்ல. தெலுங்கில் மாவுப்பூச்சியைப் ‘பிண்டி நல்லி’ என்பர். பிண்டி என்றால் மாவு. வெள்ளை ஈயைத் ‘தெல்ல தோம’, அதாவது வெள்ளைக் கொசு என்பர். கடைக்காரரிடம் பேச இச்சொற்கள் உதவும்.

செடியைத் தட்டினால் வெண்புள்ளிகள் பறந்து மீண்டும் இலையடியில் உட்காருமானால் அது வெள்ளை ஈ. இலையடியில் மெழுகுக் கோடுகள் சுருள் சுருளாக இருந்தால் சுருள் வெள்ளை ஈ; 1993-இல் கேரளத்தில் காணப்பட்டு, பிறகு கொய்யா, மரவள்ளி, மிளகாய் எனப் பலவற்றிலும் பரவியது. இலையடியில் அசையாத வெண்துணுக்குகள் கிடந்தால் உடனே மருந்தெடுக்க வேண்டாம், பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆறு கால்களும் அப்படியே இருக்க, உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுச் சட்டையாக இருந்தால் அவை அசுவினி உரித்த தோல்கள். அசுவினி இன்னும் இருக்கிறதா, இல்லை போய்விட்டதா என்று தேடிய பின்னரே அடுத்த நடவடிக்கை. பச்சை அசுவினி பச்சை இலையில் எளிதில் கண்ணுக்குப் படாது.

மாவுப்பூச்சியின் கதை நம் தமிழ்நாட்டில் ஒரு பெரிய பாடமாக நிகழ்ந்தது. 2008-ஆம் ஆண்டில் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்தது இது. பப்பாளியோடு நின்றிருந்தால் பப்பாளி உழவர் மட்டும் வருந்தியிருப்பர். மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, கத்தரி, மிளகாய் என எதையும் விடவில்லை. உழவர்கள் கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் அடித்தனர். பூச்சியின் உடலை மூடிய மெழுகில் மருந்து ஒட்டவில்லை. மாறாக, அதை உண்ணும் பொறிவண்டுகளும் பிற நற்பூச்சிகளும் மடிந்தன. ஒரு வயலில் ஒழிந்தாலும் பக்கத்து வேலியிலிருந்து திரும்ப வந்தது.

பிறகு 2010-இல் அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவி அமெரிக்க வேளாண் துறையின் உதவியால் போர்ட்டோ ரீகோ தீவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உடல். மாவுப்பூச்சியின் இளம்பருவத்தில் அதன் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே உண்டு வளர்ந்து, ஓட்டில் ஒரு துளையிட்டு வெளியே வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அதனைப் பெருக்கி உழவர்க்கு வழங்கின. மருந்து தோற்ற இடத்தில் அந்தக் குளவி வென்றது. அடுத்த ஆண்டிலேயே பூச்சி பெரிதும் அடங்கியது. ஆனால் குளவி வேலை செய்ய வேண்டுமானால் நாம் மருந்தடிப்பதை நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கு உழவரை இணங்கச் செய்வது குளவியை வளர்ப்பதைவிடக் கடினமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் தொட்டியில் இருப்பது அதே பூச்சிதானா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒன்றை எடுத்து ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். பப்பாளி மாவுப்பூச்சியின் மஞ்சள் உடல் ஸ்பிரிட்டில் நீலக்கருமையாக மாறும். மற்றொன்றும் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அவற்றைவிட இரு மடங்கு பெரிதாய், நீண்ட வெண்மெழுகு இழைகளோடு விரைந்து ஊரும் ஒன்று தென்பட்டால் அதைக் கொன்றுவிடாதீர்கள்! அது கிரிப்டோலேமஸ் என்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியை உண்பதற்காக மாவுப்பூச்சி போலவே வேடமிட்டுத் திரிகிறது. 1898-இல் காப்பித் தோட்டங்களுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ‘பெரிய மாவுப்பூச்சி’ என்று முதலில் நசுக்கப்படுவது பாவம், இதுதான்.

தொட்டியில் மாவுப்பூச்சி சிறிதளவே இருந்தால், பஞ்சில் ஸ்பிரிட் தோய்த்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுப்பதே போதும். மிகுந்திருந்தால், மிகத் தாக்குண்ட கிளையை வெட்டி எரித்துவிட்டு, சோப்பு நீர் தெளிக்கலாம். லிட்டருக்கு 5 மில்லி லிட்டர் வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலில் நன்கு கலக்கிச் சேர்ப்பதும் உண்டு. முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். சோப்பு பூச்சியின் மேல் நேரே பட்டால்தான் வேலை செய்யும். மெழுகு மூடாத குஞ்சுகளையே எளிதில் கொல்லும். ஆகவே வாரம் ஒரு முறை என மூன்று வாரம் திரும்பச் செய்ய வேண்டும். எறும்பையும் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதனைக் காவல் காக்கிறது. குளவியையும் பொறிவண்டையும் விரட்டுகிறது. தொட்டியின் காலை நீர்த்தட்டில் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

சோப்பைக் கடின நீரில் கரைத்தால் என்ன ஆகும் என்று துணி துவைப்பவருக்குத் தெரியும். நுரை வராது, திரி திரியாக வெள்ளைக் கசடு மிதக்கும். நீரிலுள்ள கால்சியம் சோப்பைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடுகிறது. அந்தக் கரைசலை இலைமேல் அடித்தால் பூச்சி சாகாது. மேலும் ஒரு வெள்ளைப் படிவுதான் சேரும். எனவே மருந்து கலக்க மட்டுமேனும் மழைநீரையோ வடிகட்டிய குடிநீரையோ பயன்படுத்துங்கள். ஒரு லிட்டர்தான் வேண்டும்.

கடையில் வாங்கும் எம்மருந்தின் சீட்டிலும், தெளித்த பின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். மிளகாயை நாம் தோலுரித்து உண்பதில்லை. தயிர்ச் சோற்றுக்குப் பச்சையாகவே கடிக்கிறோம். அந்த நாட்கணக்கைக் கடைப்பிடிக்க முடியாதவர்கள் அம்மருந்தை வாங்காமல் இருப்பதே நலம். மூன்று மருந்தை ஒன்றாகக் கலப்பதற்கு எந்தச் சீட்டும் இடம் தருவதாக நான் காணவில்லை.

இத்தனையும் பார்த்த பின்னும் ஐயம் நீங்காவிட்டால், திருப்பதியில் 1961-இல் தொடங்கிய எஸ்.வி. வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. ஊர்களில் அரசின் உழவர் சேவை மையங்களும் உள்ளன. இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்லாதீர்கள். பைக்குள் வியர்த்து, போய்ச் சேருமுன் வேறு பூசணம் முளைத்துவிடும். செய்தித்தாளில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். முழுதும் காய்ந்த இலை வேண்டாம். நோய் அப்போதுதான் தொடங்கிய இலையும் நடுத்தரமாய்த் தாக்குண்ட இலையும் வேண்டும். எந்த நீர் ஊற்றுகிறீர்கள், கடைசியாக என்று, எதைத் தெளித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதே செடியின் நலமான இலை ஒன்றையும் உடன் வையுங்கள்; ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அது தேவைப்படும்.